பத்து வண்டிக்கு விரித்த வலை

அர்த்தநாரிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் காரின் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் காரை அவர் துடைத்த துடைப்பில் பெயின்ட் போகாமல் இருந்ததே பெரிய விஷயம். சவாரியே இல்லாத காருக்கு இத்தனை பளபளப்பு எதற்கு என்று கேட்க ஸ்டாண்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

கருவம்பாளையம் முக்கில் புளியமரத்தடி டாக்ஸி ஸ்டாண்டுக்கு அவர்தான் தலைவர். நாற்பதை ஒட்டிக் கார்கள். எல்லாம் மஞ்சள் போர்டு, எல்லாவற்றுக்கும் பர்மிட், எப்.சி., இன்சூரன்ஸ், இன்னும் அரசாங்கம் என்னென்ன காகிதம் கேட்குமோ அத்தனையும் உண்டு. ஸ்டாண்டுக்கு என்று ஒரே ஒரு சட்டம்: முறை. முன்னால் வந்து நின்ற வண்டி முன்னால் போக வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர், பெரிய பனியன் கம்பெனி முதலாளி, யார் வந்து கூப்பிட்டாலும் முறை வண்டிதான். முறையைத் தாண்டி சவாரி எடுத்த ஒருவனை அர்த்தநாரி ஒரு மாதம் டீக்குக்கூடக் கூப்பிடாமல் இருந்திருக்கிறார்.

இப்படி ஒழுங்காக இருந்த இடத்தில்தான் 'ஓடோடி' என்று ஓர் ஆப் வந்து சேர்ந்தது. அதில் கார் மட்டும் ஓடியவரைக்கும் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு பைக்கும் வந்தது. சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கிய வெள்ளை போர்டு பைக்கில் ஆளை ஏற்றிக்கொண்டு, கேட்டால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. பர்மிட் இல்லை, எப்.சி. இல்லை, முறை என்ற சொல்லே அவர்கள் அகராதியில் இல்லை.

"பத்துப் பசங்க இருப்பானுங்க. மிஞ்சிப் போனாப் பதினஞ்சு," என்பார் அர்த்தநாரி. "அவனுங்களேதான் திருப்பூரையே சுத்திச் சுத்தி வர்றானுங்க. ஹெல்மெட்டப் போட்டா எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது? நமக்குத்தான் நூறு பேராட்டத் தெரியுது."

இதை அவர் மனதார நம்பினார். பத்துப் பேர் என்றால் பிடித்துவிடலாம். ஒரு மனிதன் ராத்திரி தூங்குவதற்கு அப்படி ஏதாவது ஒரு கணக்கு வேண்டும் அல்லவா?

தூக்கம் கெட்டதற்குக் காரணம் இருந்தது. புளியமரத்தடி இடத்தையே ஓடோடி வண்டிகள் ஆள் ஏற்றும் இடமாக ஒதுக்கிவிடலாம் என்று மேலே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மாநகராட்சிக் கூட்டத்தில் முடிவு. இடம் போனால் ஸ்டாண்டு போச்சு. ஸ்டாண்டு போனால் நாற்பது காரும் ஆளுக்கொரு திக்கில் நிற்க வேண்டியதுதான். அர்த்தநாரி மனைவி ஞானாம்பாளோடு இருந்த நேரத்தைவிட அந்த மரத்தடியில் இருந்த நேரம் அதிகம். அதை அந்த அம்மாளே வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்காட்டுவாள்.

கடைசி நம்பிக்கையாக அவர் போய் நின்றது மோட்டார் வாகன ஆய்வாளர் கலைமகளிடம். முப்பத்தைந்து வயதிருக்கும், சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண்.

"வெறும் மனுவ வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வெள்ளை போர்டு வண்டி வாடகைக்கு ஓடுதுன்னு கையும் களவுமாப் பத்து வண்டி காட்டுங்க. பர்மிட் இல்லாத வண்டிய வெச்சுத்தான் இந்தக் கம்பெனி நடக்குதுன்னு நான் அறிக்கை எழுதறேன். அதுக்கப்புறம் அந்த எடத்த அவங்களுக்கு எப்படிக் குடுப்பாங்க?"

"கையும் களவுமான்னா எப்படிங்க மேடம்?"

"நீங்களே புக் பண்ணுங்க. வண்டி வரும். ஓடிபி கேப்பாங்க. நம்பரச் சொல்லி, ஏறி உக்காந்தீங்கன்னா அது வாடகை. அதுக்கு முந்தி அது வெறும் பைக்குத்தான். நான் தொடவே முடியாது."

திட்டம் அப்படித்தான் உருவானது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி, கம்பெனிகளில் ஷிப்ட் விடும் நேரம். சம்பள நாள் வேறு. பத்துப் பேர், பத்து போன், பத்து புக்கிங். ஆய்வாளரின் ஜீப் பெட்டிக்கடைக்குப் பின்னால் மறைந்து நிற்கும். பத்துப் பேரும் ஏறி உட்கார்ந்ததும் வெளியே வரும். இத்தனை எளிது.

ஆனால் அர்த்தநாரி ஒன்றை மறந்துவிட்டார். அவருடைய ஆட்களும் அவரைப் போலவே கொங்குச் சனம். வீட்டில் காதுகுத்து என்றால் பத்துப் பேருக்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளத் தெரியாதவர்கள். அத்தை வீட்டுக்குச் சொன்னால் மாமன் வீட்டுக்குச் சொல்ல வேண்டும், மாமனுக்குச் சொன்னால் அவருடைய பங்காளிக்குச் சொல்ல வேண்டும், யார் ஒருவர் விட்டுப்போனாலும் பத்து வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. ஸ்டாண்டிலேயே இளையவன் சுரேஷ், "தலைவர் சொன்ன நேரத்துக்கு எல்லாரும் நம்ம ஸ்டாண்டுல இருந்து புக் பண்ணுங்க" என்று வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டான். அவ்வளவுதான். பத்துப் பேர் செய்ய வேண்டியதை நாற்பது பேரும் செய்வது என்று ஆயிற்று. நாற்பது பேரும் மச்சினனுக்கு அனுப்பினார்கள். மச்சினன் சகலைக்கு அனுப்பினான். அவிநாசியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், தாராபுரத்தில் ஒரு சம்பந்தி வீட்டார், எல்லோரும் அவரவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஏறும் இடம் கருவம்பாளையம் புளியமரம் என்று போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நல்ல காரியத்துக்குக் கை கொடுக்காமல் இருப்பார்களா?

ஐந்தரை ஆயிற்று. அர்த்தநாரி கையைத் தூக்கிக் காட்டினார். நாற்பது கட்டை விரல்கள் நாற்பது திரைகளை அழுத்தின.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. 'டிடிங், டிடிங், டிடிங்' என்று விடாமல். அது ரோட்டிலிருந்து வரவில்லை. அர்த்தநாரிக்குப் பக்கத்தில் நின்ற பசீர் அகமது புக் பண்ணிவிட்டுச் சட்டைப் பையில் போட்ட போனிலிருந்து வந்தது.

பசீர் அகமது அர்த்தநாரியோடு ஒரே நாளில் ஸ்டாண்டில் சேர்ந்தவர். ஒருவருடைய வீட்டு நோன்புக் கஞ்சியும் மற்றவருடைய வீட்டுப் பழனிப் பஞ்சாமிர்தமும் வருஷம் தவறாமல் இடம் மாறும். அவர் அவசரமாகப் பையில் கை விட்டு போனை அமுக்கினார். அது அமுங்கவில்லை. 'புதிய சவாரி! ஏறும் இடம்: நீங்கள் இருக்கும் இடத்திலேயே' என்று திரை பளிச்சிட்டது.

அர்த்தநாரி வாயைத் திறப்பதற்குள் மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு டிடிங். பிறகு பின்னால் ஒன்று. அப்புறம் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கதிர்வேலின் இடுப்பிலிருந்து ஒன்று. பொறி வைத்த இடத்திலேயே எலி கத்தினால் எப்படியிருக்கும்? ஸ்டாண்டு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார்கள்.

"எத்தன நாளாப் பசீரு?"

"சாயங்காலம் இங்க இருந்து கெளம்பினதுக்கப்புறம், மவனோட பைக்க எடுத்துட்டுங்க, மாப்ளே..." பசீர் போனைத் திரும்பவும் பைக்குள் திணித்தார். "ரெண்டு மாசமாச்சு. உங்க கிட்டச் சொல்லத் தைரியம் வரலீங்க. கார் நின்னா ஊடும் நிக்குதுங்க."

'மாப்ளே' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனிதர், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் 'ங்க' போட்டுப் பேசினார். அர்த்தநாரிக்கு அது கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. துண்டைத் தேடினார். துடைப்பதற்குக் கார்தான் பக்கத்தில் இல்லை.

அதற்குள் முதல் பைக் வந்துவிட்டது. மங்கலம் ரோட்டுப் பக்கமிருந்து ஒருவன். ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பித் தன் சவாரியைத் தேடினான். அவனுக்குப் பின்னால் மூன்று. அந்த மூன்றுக்குப் பின்னால் ரோடு வளையும் இடத்தில் ஒரு கூட்டம். அர்த்தநாரி, "வந்துட்டானுங்கடா பத்துப் பேரும்," என்று மெதுவாகச் சொன்னார்.

சொல்லி முடிக்கவில்லை, எதிர்ப்பக்கச் சந்திலிருந்தும் வந்தார்கள். ரயில்வே பாலத்துப் பக்கமிருந்து வந்தார்கள். கண்ணுக்கெட்டும் தூரம்வரை ஹெட்லைட்டுகள் வரிசையாக எரிந்துகொண்டு வந்தன. ஒரு வளைவில் காலியான இடம் அடுத்த நொடி நிரம்பியது. ஸ்கூட்டர், மொபெட், புது பைக், சைலன்ஸர் ஓட்டையான பைக், முன்னால் குழந்தையின் ஸ்கூல் பை தொங்குகிற வண்டி. நெருக்கி நெருக்கி நின்றன. ரோடு நிறைந்து, ரோட்டோரம் நிறைந்து, பெட்டிக்கடை வாசல் நிறைந்து, கடைசியில் ஸ்டாண்டின் நாற்பது கார்களுக்கு நடுவிலும் புகுந்து நின்றன. கார்கள் கண்ணுக்கே தெரியவில்லை. இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.

அர்த்தநாரி வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரோட்டைப் பார்த்திருக்கிறார். அந்தக் கூட்டத்தை முருகன் கூப்பிடுகிறான், அது புரிகிறது. இந்தக் கூட்டத்தைக் கூப்பிட்டது யார்? கட்டை விரல் அழுத்தியது இவர்கள்தான். ஆனாலும் இவர் கூப்பிட்டு ஸ்டாண்டு மீட்டிங்குக்கு நாற்பது பேரைச் சேர்க்க மூன்று நாள் போன் பண்ண வேண்டியிருக்கும், பிரியாணி வேறு போட வேண்டியிருக்கும். இங்கே ஒரு தலைவன் இல்லை, ஒரு கொடி இல்லை, ஒரு குரல்கூட இல்லை. டீக் குடித்து முடிக்கும் நேரத்தில் திருப்பூரின் எந்தெந்த மூலையிலிருந்தோ இத்தனை பேர் திரும்பி ஒரே இடத்தை நோக்கி வந்துவிட்டார்கள். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமா பக்தியா என்று அவருக்கே தெரியவில்லை.

நெரிசலில் நகர முடியாமல் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அப்போதுதான் முகங்கள் தெரிந்தன.

தலைமுடியில் பஞ்சுத்துகள் ஒட்டிய, பனியனில் பிழை பார்க்கும் செக்கிங் பெண்கள். நகக்கண்ணில் சாயம் போகாத சாயப்பட்டறை ஆட்கள். அயர்ன் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்தவர்கள். இந்தியில் ஒருவனை ஒருவன் கூப்பிடும் வடக்கத்திப் பையன்கள். கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்த ஒரு டெய்லர். சின்ன நிட்டிங் யூனிட் வைத்து, மிஷினை விற்று, இப்போது என்ன செய்கிறார் என்று ஊருக்குத் தெரியாமல் இருந்த ஒரு முதலாளியும் அங்கே இருந்தார். அர்த்தநாரியைப் பார்த்ததும் மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். நாள் பூராவும் பனியன் தைத்து, வெட்டி, மடித்து, பெட்டி போட்டுவிட்டு, அதற்கு மேலும் இரண்டு மணி நேரம் ஓடினால்தான் ஆகும் என்று கிளம்பியவர்கள். ஊரே அங்கே நின்றது.

அர்த்தநாரி கோபத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும். இத்தனை முகத்தில் எதைத் திட்டுவது? இவ்வளவு நாளும் பத்துப் பேர் என்று சொன்ன வாயை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

பெட்டிக்கடைக்குப் பின்னாலிருந்து ஜீப் வெளியே வர வழியில்லை. கலைமகள் இறங்கி, பைக்குகளுக்கு இடையில் ஒருக்களித்து ஒருக்களித்து நடந்து வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு ரோட்டை ஒரு முறை பார்த்தார். 

அந்த நேரத்தில் ஒருவன் வண்டியை உருட்டிக்கொண்டு அர்த்தநாரியிடம் வந்தான். முப்பது வயது, கருத்த ஒல்லி உடம்பு, சட்டையில் துணிப் பிசிர்.

"அர்த்தநாரிங்கிறது நீங்களாண்ணே? நான் பெரியகருப்பன். உங்க புக்கிங்கு எனக்குத்தேன் விழுந்துருக்கு. இந்தக் கூட்டத்துல உங்களக் கண்டுபிடிக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ஓடிபி சொல்லுங்கண்ணே."

பேச்சில் மதுரைக்குத் தெற்கே உள்ள ஊர் தெரிந்தது. கலைமகள் அர்த்தநாரியைப் பார்த்தார். ஸ்டாண்டின் நாற்பது பேரும் பார்த்தார்கள். தலைவர் நம்பரைச் சொல்லி ஏறி உட்கார்ந்தால் மற்ற ஒன்பது பேரும் உட்காருவார்கள். பத்து வண்டி. அறிக்கை. திங்கட்கிழமை. புளியமரம். நாலே நாலு எண்கள்தான் குறுக்கே இருந்தன.

அர்த்தநாரி ஆய்வாளரைத் தனியே இரண்டடி தள்ளிக் கூப்பிட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கறனுங்க. நான் நம்பரச் சொன்னா இந்தப் பையன் வண்டியப் புடிச்சுக்குவீங்க."

"ஆமாங்க."

"பத்து வண்டி புடிப்பீங்க."

"ஆமாங்க."

"மீதிய?"

கலைமகள் ரோட்டின் அந்தக் கோடிவரை பார்த்தார். அங்கே இன்னும் ஹெட்லைட்டுகள் சேர்ந்துகொண்டிருந்தன. "மீதிக்குச் சட்டம் இன்னும் வரலீங்க," என்றார். "இத்தனை பேரு இருக்காங்கன்னு தெரிஞ்சு யாரும் எழுதலையாட்ட இருக்குது." பிறகு அவருடைய பழைய குரல் திரும்பியது. "ஆனா பத்து வண்டி இல்லாம நான் அறிக்கை எழுத முடியாது. எடம் போயிரும். உங்க இஷ்டம்."

அர்த்தநாரி போனைப் பார்த்தார். நாலு எண்கள் பெரிதாகத் தெரிந்தன. முப்பது வருஷமாக ஒரே சட்டத்தைக் கட்டிக் காத்தவர். சட்டம் தன் பக்கம் இருக்கிறது என்று இன்றுவரை மார்தட்டியவர். அந்தச் சட்டம் இன்று இத்தனை பேருக்கு நடுவில் பத்துப் பேரை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகும். அந்தப் பத்துப் பேர் செய்த தப்பு, அவர் கூப்பிட்டதும் வந்தது. கூப்பிட்டு வரவழைத்த மனிதனை வாசலில் வைத்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு இந்தக் கொங்கு மண்ணில் யார் முகத்தில் விழிப்பது?

ரத்து என்ற பொத்தானை அழுத்தினார். உடனே போன் காரணம் கேட்டது. வண்டி தாமதமா, திட்டம் மாறிவிட்டதா, தவறுதலாகப் பதிவு செய்துவிட்டீர்களா என்று வரிசையாகக் காட்டியது. கண்ணாடி இல்லாமல் கஷ்டப்பட்டுப் படித்து, கடைசியைத் தொட்டார்.

"எல்லாரும் ரத்துப் பண்ணுங்கப்பா," என்றார் ஸ்டாண்டைப் பார்த்து. "ஊட்ல இருக்கறவங்களுக்கும் சொல்லிப் போடுங்க."

நாற்பது கட்டை விரல்களும் மறுபடி திரையில் இறங்கின. பசீர் அகமது முன்னால் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அர்த்தநாரி அவருடைய தோளில் கையை வைத்து, "கம்முனு இரு மாப்ளே," என்றார். கலைமகள் தொப்பியை மாட்டிக்கொண்டு, வந்த வழியே பைக்குகளுக்குள் நுழைந்து போனார். போகும்போது இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார்.

பெரியகருப்பன் தன் போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "என்னண்ணே, ரத்துப் பண்ணிட்டீங்க? நான் எதுவும் தப்பாப் பேசிட்டனா?"

பொய் சொல்லியிருக்கலாம். அர்த்தநாரிக்கு அன்றைக்குப் பொய் சொல்லும் தெம்பு இல்லை.

"உன்னய ஏறிப் போறதுக்குக் கூப்பிடல கண்ணு. புடிச்சுக் குடுக்கறதுக்குக் கூப்பிட்டன். அந்தா போறாங்களே, அவங்கதான் ஆபீசரு. இது எங்க ஸ்டாண்டு. உங்களாலதான் எங்களுக்குச் சவாரி இல்லீன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

பெரியகருப்பனின் கை தன்னையறியாமல் பைக்கின் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தது. தவணை முடியாத வண்டி என்று பார்த்தாலே தெரிந்தது. 

"பொறகு ஏண்ணே குடுக்கல?"

அர்த்தநாரி ரோட்டைப் பார்த்தார். ரத்து ஆகியும் யாரும் கிளம்பவில்லை. எல்லா எஞ்சினும் அணைந்திருந்தது. வண்டி மேல் உட்கார்ந்தபடியே எல்லோரும் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயப்பட்டறைக்காரன் செக்கிங் பெண்ணிடம் எந்தக் கம்பெனி என்று விசாரித்தான். வடக்கத்திப் பையன் ஒருவன் இருக்கை மேல் ஏறி நின்று, கூட்டத்தின் முடிவு எங்கே இருக்கிறது என்று கையை நெற்றியில் வைத்துத் தேடினான்.

சின்னப் பையனிடம் பேசுவது போல இதுவரை பேசிய அர்த்தநாரி, இப்போது தன்னையறியாமல் மரியாதைக்கு மாறினார்.

"நீங்க இத்தனை பேருன்னு எனக்குத் தெரியாதுங்க."

பெரியகருப்பன் அவர் பார்த்த பக்கமே பார்த்தான். ஆறு வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறான். ஷிப்ட் முடிந்து தனியாக ரோட்டுக்கு வந்து, தனியாக ஓட்டி, தனியாக அறைக்குத் திரும்புகிறவன். அவன் கண் நிறைந்துவிட்டது.

"எங்களுக்கும் தெரியாதுண்ணே," என்றான்.